காலில் பைபாஸ் முடிந்து வீட்டுக்குப் போகும்போது சிஸ்டர் சொல்வதும், அதை நாம் பிடித்துக்கொள்வதும்

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 63 வயது. 15 வருஷமாகச் சர்க்கரை. பீடிப் பழக்கம் அதைவிடப் பழசு. கால் விரலில் ஆறாத புண் வந்து, போன வாரம் வலது காலில் பைபாஸ் செய்தார்கள். நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். வார்டு சிஸ்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து என்னென்னவோ சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இப்போது கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்கிறார். வீட்டில் நாங்கள் எதைத்தான் கவனிக்க வேண்டும்? இதையெல்லாம் டாக்டர் அல்லவா சொல்ல வேண்டும், நர்ஸ் ஏன் சொல்கிறார்?"

ரத்தநாள அறுவை சிகிச்சை வார்டில் பல வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு கட்டிலுக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தால் அதிகம். அதற்குள் அவர் தையலைப் பார்க்க வேண்டும், டாப்ளர் வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்க வேண்டும், மருந்தை மாற்ற வேண்டும். டிரஸ்ஸிங் செய்கிற நர்ஸ் அப்படியில்லை. தினமும் இருபது நிமிஷம் அந்தக் காலோடுதான் இருக்கிறார். எந்த இடத்தில் தொட்டால் அப்பா முகம் சுளிக்கிறார், வீட்டில் சமைப்பது யார், மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார், கழிவறை எப்படிப்பட்டது, யாருக்கும் தெரியாமல் பீடி எங்கிருந்து வருகிறது, இத்தனையும் அந்த இருபது நிமிஷப் பேச்சில்தான் வெளியே வரும். ஆபரேஷன் செய்தது டாக்டர். அந்தக் கால் வீட்டுக்குப் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைத் தயார் செய்வது நர்ஸின் வேலை. டாக்டருக்கு நேரமில்லாததால் எங்கள் தலையில் கட்டிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இது எங்களுடைய வேலையேதான்.

சொல்வதோடு அந்த வேலை முடிவதில்லை என்பதை நான் ஒரு நோயாளியிடம்தான் கற்றுக்கொண்டேன். வார்டுக்கு வந்த புதிதில், நெசவு வேலை செய்யும் பெரியவர் ஒருவருக்கு டிஸ்சார்ஜ் அன்று எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லி அனுப்பினேன். "அஞ்சு நாள் கழிச்சு இந்த மாத்திரையை நிறுத்திடுங்க ஐயா" என்று ஆன்டிபயாட்டிக்கைக் காட்டித்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டது "அஞ்சு நாள் கழிச்சு மாத்திரையை நிறுத்திடுங்க" என்று. ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை எல்லாவற்றையும் ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டார். ஒன்பதாம் நாள் கால் குளிர்ந்துபோய் வந்தார். மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், குழாயை அடைத்த ரத்தக்கட்டியை எடுத்துக் காலைக் காப்பாற்றினார்கள். அவர் என்மீது கோபப்படவே இல்லை. "நீங்க சொன்ன மாதிரியேதானே சிஸ்டர் செஞ்சேன்" என்றார். அதற்கப்புறம் நான் யாரிடமும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும், வீட்ல போய் உங்க சம்சாரத்துக்கிட்ட இதை எப்படிச் சொல்வீங்க, எங்கிட்ட சொல்லிக் காட்டுங்க" என்று கேட்கிறேன். தப்பாகச் சொன்னால் தப்பு என் விளக்கத்தில்தான். வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

உங்கள் அப்பா மறந்துவிட்டதில் அதிசயம் எதுவும் இல்லை. மருத்துவர்களும் நர்ஸ்களும் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது என்று நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ராய் கெசல்ஸ் 2003-இல் எழுதினார். வலி, பயம், தூக்கமில்லாத இரவுகள், அதோடு வீட்டுக்குப் போகும் அவசரமும் சேர்ந்துகொண்டால் யாருக்கு நிற்கும்? அதனால் நாளைக் காலை டிரஸ்ஸிங் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். கீழே எழுதியிருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்பதோடு விடாமல், சிஸ்டர் கண்முன்னே நீங்களே செய்து காட்டுங்கள்.

முதலில் காலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டும். பைபாஸ் என்றதும் நெஞ்சுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. நம் ஊரில் ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். "நரம்புல ஆபரேஷன்" என்று கேட்டவர் வாதம் வந்துவிடுமோ என்று பயந்து காலை அசைக்காமலேயே படுத்திருப்பார். நடந்தது இவ்வளவுதான்: தொடையில் ரத்தம் கொண்டு போகும் தமனி அடைத்துவிட்டது. பெரும்பாலும் அதே காலின் உள்பக்கத்தில் ஓடும் நீளமான சிரையை (ரத்தத்தை மேலே இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) எடுத்து, அடைப்புக்கு மேலே ஒரு முனையையும் கீழே ஒரு முனையையும் தைத்திருக்கிறார்கள். சிரைக்குள் ஒரு பக்கமாக மட்டுமே திறக்கிற வால்வுகள் இருப்பதால், அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால்தான் ரத்தம் கீழ்நோக்கி ஓடும். 1948-இல் பாரிஸில் ழான் குன்லான் என்ற மருத்துவர் இப்படிச் செய்து காட்டினார். இன்றுவரை காலுக்கு அதைவிட நல்ல குழாய் கிடைக்கவில்லை. சொந்தச் சிரை சரியில்லாதவர்களுக்குத்தான் செயற்கைக் குழாய்.

வாய்க்கால் அடைத்துக்கொண்டது, பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டியிருக்கிறது. பழைய வாய்க்காலை அடைத்த மண் இன்னும் ஊரில்தான் இருக்கிறது. விவசாயக் குடும்பங்களில் இப்படிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். சர்க்கரை, பீடி, கொழுப்பு, ரத்த அழுத்தம், அந்த மண் இதுதான். ஆபரேஷன் அதை எடுக்கவில்லை.

சரி, இப்போது காலுக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவழிப்பதும் இங்கேதான், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

காலில் நாடி பார்க்க இரண்டு இடங்கள். ஒன்று, பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து கணுக்காலை நோக்கிக் கோடு இழுத்தால் பாதி வழியில். இன்னொன்று, கணுக்காலின் உள்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும் எலும்புக்குச் சற்றுப் பின்னால். இரண்டு மூன்று விரல் நுனிகளை மெதுவாக வைக்க வேண்டும். அழுத்தினால் நாடி அடங்கிவிடும், கட்டைவிரலை வைத்தால் உங்கள் நாடியே உங்களுக்குத் தெரியும். சிலருக்கு ரத்தம் நன்றாக ஓடினாலும், வீக்கத்தாலோ பாதத்தின் சின்னக் குழாய்களில் உள்ள நோயாலோ நாடி கைக்குத் தட்டுப்படாது. அவர்களுக்கு டாப்ளரில் "உஷ், உஷ்" என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான். உங்கள் அப்பா எந்த வகை என்பதைச் சிஸ்டரிடம் இன்றே கேட்டுவிடுங்கள். கைக்குத் தெரிகிற நாடி என்றால் அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். கைக்குத் தெரியாது என்றால், வீட்டில் நாடியைத் தேடித் தேடிப் பயப்படாதீர்கள். சூடும் நிறமும் உணர்ச்சியும்தான் உங்களுக்கு அளவுகோல்.

தினமும் காலையிலும் இரவிலும் செய்ய வேண்டியது இது. இரண்டு கால்களையும் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வையுங்கள். உங்கள் புறங்கையை ஆபரேஷன் செய்த காலின் பாதத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் அடுத்த பாதத்தில். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும். விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல் நுனியைத் தொட்டு எந்த விரல் என்று கேளுங்கள். பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள், வெளுத்த இடம் திரும்பச் சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். இதெல்லாம் மூன்று நிமிஷ வேலை. டிஸ்சார்ஜ் அன்று கால் எப்படி இருந்தது என்பதுதான் ஒப்பிடும் அளவு. சர்க்கரையால் ஏற்கனவே மரத்துப்போன விரல் அன்றும் மரத்துத்தான் இருந்தது என்றால் அது புதிய ஆபத்து இல்லை. நேற்று வரை தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால் அது ஆபத்து.

கால் திடீரென்று குளிர்கிறது, வெளுக்கிறது அல்லது நீலம் பாய்கிறது, ஓய்வாக இருக்கும்போதே கடுமையாக வலிக்கிறது, மரத்துப்போகிறது, விரலை அசைக்க முடியவில்லை, இருந்த நாடி காணவில்லை. இதில் எது வந்தாலும் குழாய் அடைத்துக்கொண்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தம் முழுதாக நின்றுபோன காலில் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்கிவிடும். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்ப்பது, விடியட்டும் என்று இருப்பது, வலி மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பது, எல்லாமே அந்த ஆறு மணி நேரத்தைத் தின்றுவிடும். காலைத் தேய்க்கக் கூடாது, சூடு வைக்கக் கூடாது, தலையணை வைத்து உயர்த்தவும் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு, அது தூரம் என்றால் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்கு, முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள்.

ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியவில்லை. இரவு பத்து மணிக்குக் கால் மரத்திருக்கிறது. மகன் அன்று முழுதும் லாரி ஓட்டிவிட்டு வந்து தூங்குகிறான், எழுப்ப வேண்டாம் என்று காலைப் பிடித்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். எங்களிடம் வந்து சேரும்போது மணி காலை பத்தரை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. மகன் வராந்தாவில் நின்று "என்னை எழுப்பியிருக்கலாமேப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதிலிருந்து, எப்போது வர வேண்டும் என்று சொல்லும்போது "நடுராத்திரியா இருந்தாலும் யாரை எழுப்புவீங்க, பேர் சொல்லுங்க" என்று கேட்டு ஒரு பெயர் வாங்காமல் நான் அனுப்புவதில்லை. உங்கள் வீட்டிலும் அந்தப் பெயர் முடிவாகட்டும். அப்பா வாயால் சொல்லட்டும்.

சூடு வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கால் ஜில்லென்று இருந்தால் பாசத்தில் நம் வீடுகளில் முதலில் செய்வது ஒத்தடம்தான். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து வைப்பார்கள், வெந்நீர்ப் பையை வைப்பார்கள். சர்க்கரையால் உணர்ச்சி போன பாதத்துக்குச் சுடுவது தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்த தோலுக்குச் சூட்டைத் தாங்கவும் தெரியாது. கணவரின் காலுக்கு இரவெல்லாம் ஒத்தடம் கொடுத்துவிட்டு, காலையில் குதிகாலில் உள்ளங்கை அளவு கொப்புளத்தைப் பார்த்து அழுதுகொண்டே வந்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். குளிர்ந்தால் காட்டன் சாக்ஸ் போடுங்கள், போர்வை போர்த்துங்கள். குளிக்கிற வெந்நீரைக்கூட அப்பா காலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள்.

புண்ணும் தையலும். தொடையிடுக்கில் இருக்கும் தையல்தான் எங்களுக்கு அதிகக் கவலை தரும் இடம். மடிப்பு, வியர்வை, பக்கத்திலேயே சிறுநீர், சீழ் பிடிக்க இவ்வளவு போதும். அங்கே பிடிக்கும் சீழ் உள்ளே குழாய் வரைக்கும் போகலாம், செயற்கைக் குழாயாக இருந்தால் விளைவு இன்னும் மோசம். அந்த மடிப்பு எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். இறுக்கமான எலாஸ்டிக் வேண்டாம், தளர்வான வேட்டியோ லுங்கியோ போதும். குளிக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், தேய்க்கக் கூடாது, சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பவுடர், மஞ்சள், வேப்பிலை அரைத்தது, விபூதி, தேங்காய் எண்ணெய் எதுவும் தையல்மேல் படக் கூடாது. சாமி விபூதியை நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. சிவப்பு பரவினாலோ, நாற்றமோ சீழோ வந்தாலோ, தையல் வாய் திறந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ அன்றே காட்ட வேண்டும். தொடையிடுக்கிலிருந்து புது ரத்தம் பீறிட்டால் படுக்க வைத்து, துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், அழுத்தியபடியே ஆம்புலன்ஸில் ஏறுங்கள்.

இரண்டு விஷயங்களுக்குப் பயப்பட வேண்டாம். கால் வீங்கும். இத்தனை நாள் பட்டினி கிடந்த காலுக்குத் திடீரென்று ரத்தம் வருகிறது, சிரையை எடுத்த வழியும் ஆறிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று மாதம்கூட இந்த வீக்கம் இருக்கலாம். உட்காரும்போது காலை ஸ்டூல்மேல் நீட்டி வைத்தால் குறையும். காலையில் வடிந்து மாலையில் ஏறினால் சாதாரணம். கெண்டைக்கால் சட்டென்று கல்லுப்போல் வீங்கி வலித்தால் மட்டும் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிரேப் பேண்டேஜ் வாங்கி நீங்களாக இறுக்கிக் கட்டாதீர்கள், புதுக்குழாய் நசுங்கலாம். இன்னொன்று, சிரை எடுத்த தையலை ஒட்டிக் காலின் உள்பக்கம் தொட்டால் உணர்ச்சி இருக்காது, சிலருக்கு ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். சிரையை ஒட்டி ஓடும் சின்ன உணர்வு நரம்பு பாதிக்கப்படுவதால் வருவது. பல மாதங்களில் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். கால் போய்விடுமோ என்று நினைக்க வேண்டியதில்லை.

உட்காரும் விதம் நம் ஊருக்கே உரிய பிரச்சினை. சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, கால்மேல் கால் போடுவது எல்லாம் முழங்காலையும் தொடையிடுக்கையும் ரொம்ப நேரம் மடக்கி வைக்கும். முழங்காலைத் தாண்டிப் போகிற குழாய் அங்கே மடங்கும். உங்கள் வீட்டில் இந்தியக் கழிவறை என்றால், அதன்மேல் வைக்கிற கமோடு நாற்காலி ஒன்றை அப்பா வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் நாளே குத்த வைத்து உட்கார்ந்துவிடுவார்.

நடக்க வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள், அப்புறம் தெருமுனை வரை, வாரா வாரம் கொஞ்சம் கூட. கெண்டைக்கால் வலித்தால் நின்று, வலி போனதும் மறுபடி நடக்கச் சொல்லுங்கள்.

மாத்திரைச் சீட்டை டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்து ஒரு பெரிய தாளில் தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவிலோ சுவரிலோ ஒட்டுங்கள்: மாத்திரையின் பெயர், எதற்கு, காலையா இரவா, எத்தனை நாள். "எத்தனை நாள்" என்ற இடத்தில் "டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை" என்று எந்தெந்த மாத்திரைக்கு வரும் என்பதைச் சிஸ்டரைக் கொண்டு சிவப்பு மையில் எழுத வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75 மில்லிகிராமோ குளோபிடோகிரலோ பெரும்பாலும் ஆயுள் முழுதும் வரும். சிலருக்கு ஆஸ்பிரினோடு ரிவரோக்சபான் 2.5 மில்லிகிராம் இரண்டு வேளை கொடுப்பார்கள். பல் பிடுங்கப் போகும்போது பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும், எங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் கொடுத்திருந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் போக வேண்டும். கீரையே சாப்பிடக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். அப்படியில்லை, வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறாரோ அதே அளவு தொடர வேண்டும். ஒரு வாரம் கீரையே இல்லாமல் அடுத்த வாரம் தினமும் முருங்கைக்கீரை என்றால்தான் கணக்கு தப்பும். கொழுப்பு மாத்திரையைப் பலர் "ரிப்போர்ட் நார்மலாகிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். குழாய்ச் சுவரைக் காப்பாற்றுவதற்காகவும்தான் அதைக் கொடுக்கிறோம். மலம் தார்போலக் கறுத்தால், சிறுநீரில் ரத்தம் வந்தால், மூக்கு ரத்தம் நிற்காவிட்டால் உடனே வாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள், குறிப்பாக டைக்ளோஃபெனாக் வகை, இந்த மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும். வலிக்கு என்ன போடலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் எங்களுக்குப் பெரிய சண்டையே பத்தியம்தான். முட்டை, மீன், பருப்பு கொடுத்தால் தையல் சீழ் வைக்கும் என்று ஒரு மாதம் ரசஞ்சோறும் சுட்ட அப்பளமும் போட்டே ஆளை இளைக்க வைத்துவிடுகிறார்கள். புண் ஆறுவது புரதத்தால்தான். தினம் ஒன்றிரண்டு முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் தாராளமாகக் கொடுக்கலாம். சிறுநீரகம் பாதித்தவராக இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் பாட்டி இருக்கும்போது சிஸ்டர் வாயால் சொல்ல வையுங்கள், நீங்கள் சொன்னால் வீட்டில் எடுபடாது. குறைக்க வேண்டியது உப்பு, ஊறுகாய், பொரித்தது, சர்க்கரையை ஏற்றும் வெள்ளைச் சோற்றின் அளவு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (HbA1c பரிசோதனை) 7 சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பது இலக்கு. வயதும் உடல்நிலையும் பார்த்து டாக்டர் கொஞ்சம் மாற்றுவார்.

பீடி. இதை நான் இவ்வளவு தள்ளி, தனியாகச் சொல்வது, மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு இதில் மட்டும் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டதால். பைபாஸுக்குப் பிறகும் புகைப்பவர்களுக்குக் குழாய் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு. நிறுத்திவிட்டால், ஒருபோதும் புகைக்காதவர் நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. "இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்று அப்பா சொன்னால் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லுங்கள், அதுதான் உண்மை. எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்பதில் பலனில்லை. ஒரு பீடியின் நிகோடினே குழாய்களைச் சுருக்கும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் ஹான்ஸும் இதில் சேர்த்தி.

திட்டி நிறுத்த வைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாள் அவர் ஏற்கனவே பீடி இல்லாமல்தான் இருந்திருக்கிறார். "பத்து நாள் தாண்டிட்டீங்க ஐயா, கஷ்டமான பாதி முடிஞ்சுது" என்று தொடங்குங்கள். எந்த நேரத்தில் கை தேடும் என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் காலையில் கழிவறைக்குப் போகும் முன், டீ குடித்த பின், சாப்பிட்ட பின். அந்த மூன்று நேரத்துக்கும் வாயில் போட ஒன்று தயாராக இருக்கட்டும், கிராம்போ ஏலக்காயோ சோம்போ எதுவானாலும். நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் அளவில் மருந்துக் கடையில் கிடைக்கிறது, டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை, பேசி வழிகாட்டுவார்கள். அவருடன் உட்கார்ந்து பீடி குடிக்கும் நண்பரைக் கூப்பிட்டு நீங்களே பேசிவிடுங்கள். பல வீடுகளில் அதுதான் பலித்தது.

பாதத்தைப் பார்ப்பது இனி தினசரி வேலை. விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாவற்றையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கீழே கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போடலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், கால் ஆணியை பிளேடால் செதுக்காதீர்கள். எலி நடமாட்டம் உள்ள வீடு என்றால் தரையில் படுக்க வைக்காதீர்கள். மரத்துப்போன விரலை எலி கடித்தது காலையில்தான் தெரிந்தது என்று வந்தவர்கள் உண்டு.

செருப்பு வீட்டுக்குள்ளும் வேண்டும். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குங்கள், மெத்தென்ற ரப்பர் அடியும் பின்பக்கம் வாரும் உள்ளது. வேலூரிலும் அதன் அருகே கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற பாதங்களைக் காப்பாற்றச் செய்த வேலையோடு சேர்ந்து வளர்ந்த செருப்பு இது, இன்று சர்க்கரைக் கால்களையும் அதுதான் காக்கிறது. போடும் முன் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

நேர்த்திக்கடனையும் கேட்டுவிடுங்கள். இதை நான் எல்லாரிடமும் கேட்கிறேன், ஏனென்றால் யாரும் தானாகச் சொல்வதில்லை. கால் பிழைத்தால் பழனிக்கு நடந்தே வருகிறேன், தீ மிதிக்கிறேன், பால்குடம் எடுக்கிறேன் என்று அப்பாவோ அம்மாவோ வேண்டியிருக்கலாம். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை ஒரு சுற்று வெறுங்காலில் சுற்றினாலே இந்தப் பாதம் வெந்துவிடும். வேண்டுதலை விடச் சொல்லி நான் யாரிடமும் கேட்டதில்லை, மாற்றிக்கொள்ளச் சொல்வேன். மொட்டை போடலாம், அன்னதானம் செய்யலாம், அவருக்காக வீட்டில் வேறொருவர் நடக்கலாம். ஒரு பெரியவர் தன் மகனை நடக்க வைத்துவிட்டு, தான் பஸ்ஸில் பழனிக்குப் போய் விஞ்ச்சில் மலை ஏறி, அடுத்த செக்கப்புக்குப் பஞ்சாமிர்தத்தோடு வந்தார். அவருக்குச் சர்க்கரை என்பதால் டப்பாவை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

செக்கப் தேதிகளைத் தவறவிடாதீர்கள். வலி இல்லையே, எதற்குப் போக வேண்டும் என்று தோன்றும். புதுக்குழாய்க்குள் தழும்புபோலச் சதை வளர்ந்து சுருங்குவது பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள்தான். முழுதாக அடைக்கும் வரை வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். டாப்ளர் ஸ்கேனில் சுருக்கத்தை முன்னாலேயே கண்டுபிடித்தால் பலூன் வைத்து விரித்துவிட முடியும், அடைத்த பிறகு மீட்பது ரொம்பக் கஷ்டம். பொதுவாக முதல் வருஷத்தில் மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் பார்ப்பார்கள், அப்பாவுக்கு எப்போது என்று சம்மரியில் இருக்கும். இடையில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் தீர்ந்தால் அதற்காக டவுனுக்கு அலைய வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலர் வழியாக அவை வீட்டுக்கே வரும். பைபாஸுக்கான மாத்திரைகள் அதில் வருமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வராதவற்றைத் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள்.

நாளைக் காலை வார்டில் மூன்று காரியங்களை மட்டும் முடித்துவிட்டு வாருங்கள். சிஸ்டர் முன்னால் நீங்கள் அப்பாவின் காலைத் தொட்டு, சூடும் நாடியும் பார்த்துக் காட்டுங்கள். எந்த மாத்திரை எதற்கு, எது நிற்கும், எது தொடரும் என்று அப்பாவோ அம்மாவோ தன் வாயால் சொல்லட்டும். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிற வார்டு எண்ணை வாங்கி, அங்கேயே ஒரு முறை போட்டு மணி அடிக்கிறதா என்று பாருங்கள். பாதத்தில் போட்ட பெருக்கல் குறி நாலைந்து குளியலில் அழிந்துவிடும். அழிவதற்குள் அதே இடத்தில் வீட்டுப் பேனாவால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், முதல் செக்கப் வரைக்கும் அது இருக்கட்டும்.